காமராஜரும் பிள்ளைகளின் வயிறும்

பள்ளிப் பிள்ளைகளின் பசியைத் தீர்ப்பதும் ராஜ்ய காரியமே என்று செய்து காட்டியவர் காமராஜர். அக்காரியத்தில் மீந்து நிற்கும் ஒரு பங்கை, அவர் பிறந்த ஜில்லாவினர் இன்று சிந்திப்பது தகும்.

1903 ஜூலை 15-ந் தேதி விருதுப்பட்டியில் பிறந்த அவர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அவர் பயின்ற க்ஷத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் பிடி அரிசி சேர்த்து ஊரார் நடத்திய பள்ளி. அங்கும் படிப்பு நீடிக்கவில்லை. மாமனுடைய ஜவுளிக் கடையில் அமர்ந்தார். பின்னர் தேசத் தொண்டு அழைத்தது. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். அதன் பின்னும் பன்முறை சிறைவாசம் அநுபவித்தார்.

1954-ல் முதன் மந்திரியானதும் அரைநாட் படிப்புத் திட்டத்தைக் கைவிட்டார். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதைக் கண்டு, 1956-ல் மதிய உணவைத் தொடங்கினார். பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி எழாமலில்லை. ஊராரின் கொடையும் சர்க்கார் பணமும் சேர்ந்தன, உலை கொதித்தது. 1975 அக்டோபர் 2-ந் தேதி அவர் காலமானார். அவர் மூட்டிய அடுப்பு அணையவில்லை.

ஆனால் அந்தச் சோற்றில் பங்கு கேட்கும் பகைவன் ஒருவன் உண்டு. அவன்தான் குடற்புழு. உருண்டைப் புழு ஒன்று, நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். கொக்கிப் புழுவோ அசுத்த மண்ணிலிருந்து வெறுங்காலைத் துளைத்து உட்புகுந்து, குடலைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சும். சோகை பிடித்த பிள்ளைக்குப் பாடம் எங்ஙனம் ஏறும்?

2015 முதல் நம் தேசத்தில் குடற்புழு நீக்க நாள் அனுசரிக்கப்படுகிறது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது. அதன் விலை அற்பம். எனினும் மாத்திரை குடலிலுள்ள புழுவைக் கொல்லுமேயன்றி, மண்ணிலுள்ள முட்டையைக் கொல்லாது. மண் அசுத்தமாயிருக்கும் வரை, மருந்துண்ட பிள்ளையைப் புழு மீண்டும் பற்றும். மெய்யான செலவு கக்கூசுக்கும் தண்ணீருக்கும் சோப்புக்கும் செருப்புக்கும் ஆவதே. அங்கேதான் நம் கை சுருங்குகிறது.

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் முதலிய ஊர்களின் பஞ்சாயத்தாரும் தொழிலதிபர்களும் இதைத் தம் பொறுப்பாகக் கொள்ளவேண்டும். மாத்திரை நாளன்று ஒரு பிள்ளையும் விடுபடாதபடி பெற்றோரும் உபாத்தியாயர்களும் பார்க்கவேண்டும். மற்ற நாட்களில் பள்ளிக் கக்கூசில் தண்ணீர் வருகிறதா என்று ஊரார் பார்க்கவேண்டும். பிடி அரிசியால் பள்ளி நடத்திய ஜில்லாவுக்கு இது பெரும் பாரமன்று.