செபத்தால் உயர்ந்த தலைவர்: யோசேவ் வாஸ் அடிகளார்

அரியணை ஏறினோரையும் படை நடத்தினோரையும் தலைவர் என்று உலகம் எளிதிற் கொண்டாடும். பதவியும் பொருளும் பாதுகாப்பும் ஒருங்கே நீங்கிய பின்னரும் ஒருவரை நம்பி மக்கள் பின்செல்வராயின், அத்தலைமைக்கு வேர் யாதென ஆராய்தல் நம் கடனாகும். புத்தளம் களப்பின் ஓரத்தும் கற்பிட்டி, சிலாபக் கரைகளிலும் வாழும் கத்தோலிக்க மக்கள் இன்றும் பக்தியோடு நினைந்து போற்றும் யோசேவ் வாஸ் அடிகளாரின் வரலாறு அவ்வேரைத் தெளிவுறக் காட்டுகின்றது.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் கோவா நாட்டுப் பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தார். தாய்மொழி கொங்கணி. 1676இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டிலே தம்மைத் தேவதாயின் நிலையான அடிமையென எழுதிக் கையொப்பமிட்டார். சுந்தரமூர்த்தி நாயனாரை ஆட்கொள்ள வந்த இறைவன் ஆளோலை காட்டி வழக்காடியதைச் சைவ உலகம் அறியும். அங்கே ஓலையைக் கொணர்ந்தவர் ஆண்டவர். இங்கே ஓலையை எழுதியவர் அடியவர். பின்னாளிற் பலருக்குத் தலைவராகவிருந்த ஒருவர் முதற்கண் தம்மை அடிமையாக்கிக் கொண்டமை ஈண்டு நோக்கற்பாலது.

1681 முதல் 1684 வரை கன்னட நாட்டிற் பணியாற்றி மீண்ட அடிகளார், 1685இல் கோவாவிற் கூடி வாழ்ந்த சுதேசக் குருமார் சிலரோடு சேர்ந்தார். ஐரோப்பியத் துறவற சபைகள் இந்நாட்டவரைத் தம்முள் ஏற்கத் தயங்கிய காலம் அது. அக்குருமார் அடிகளாரையே தலைவராகத் தெரிந்தனர். புனித பிலிப்பு நேரியார் உரோமையில் நிறுவிய ஒரட்டோரியன் சபையின் ஒழுங்கை அவர் அவர்களுக்கு அமைத்துக் கொடுத்தார். செபக்கூடம் என்னும் பொருளுடைய சொல்லினின்றும் பிறந்தது அச்சபையின் பெயர். நாள்தோறும் கூடிச் செபித்தலும் தனித்திருந்து தியானித்தலும் அவ்வாழ்வின் உயிர்நாடியாக விளங்கின.

அத்தலைமைப் பதவியிலே அவர் அமர்ந்திருக்கவில்லை. 1656இற் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி வழிபாட்டையும் தடைசெய்தனர். மேய்ப்பனில்லா மந்தைபோல் ஈழத்துக் கத்தோலிக்கர் தவித்தனர். இதனைக் கேட்டறிந்த அடிகளார் 1686இற் பதவியைத் துறந்து புறப்பட்டார். தூத்துக்குடியிலிருந்து, ஏழைக் கூலியாளின் கோலத்தோடு, 1687இல் ஈழக்கரை சேர்ந்தார்.

வந்தவுடன் வயிற்றுக்கடுப்பு நோய் அவரை வீழ்த்தியது. உயிர் பிழைத்தெழுந்தவர் கழுத்தில் செபமாலையோடு யாழ்ப்பாணத் தெருக்களிலே பிச்சை ஏற்றுத் திரிந்தார். பிறருக்கு அவர் இரவலர். அம்மாலையை உற்று நோக்கிய கத்தோலிக்கருக்கோ அவர் யாரென்னும் ஐயம் எழுந்தது. இவ்வாறு செபமாலையே அவரை இனங்காட்டும் முத்திரையாயிற்று. சில்லாலை ஊரார் அவருக்குப் புகலிடம் அளித்தனர். பகலில் மறைந்தும் இரவிற் பணிபுரிந்தும் அவர் மக்களைத் திரட்டினார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரைச் சிறைப்பிடித்தனர். சிலர் கொடிய கசையடிக்கு ஆளாயினர். அடிகளார் மட்டும் அகப்படவில்லை.

1690இல் அவர் தென்றிசை நோக்கிப் புத்தளம் வந்தடைந்தார். கற்பிட்டியில் ஒல்லாந்தரின் கோட்டை நின்றது. களப்பின் இக்கரையில் உள்ள புத்தளமோ கண்டியரசனின் ஆணைக்குட்பட்டிருந்தது. அதனால் ஓராண்டளவு அங்கே அவர் அச்சமின்றிப் பணிபுரிய இயன்றது. நெடுங்காலமாகக் குருவைக் காணாத குடும்பங்களை அவர் நாடிச் சென்றார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தார்.

ஆயினும் ஒருவர் எத்தனை ஊர்களில் இருத்தல் கூடும்? இவ்வினாவுக்கு அடிகளாரும் அவர் வழிவந்தோரும் கண்ட விடையே அவர்தம் தலைமையின் சிறப்பாகும். குரு இல்லாத நாட்களில் செபத்தை முன்னின்று நடத்தும் பொறுப்பை அவ்வவ்வூர் இல்லறத்தாரிடமே ஒப்படைத்தனர். மூப்பர், அண்ணாவியார் என்னும் பெயர்கள் இக்கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் வேரூன்றி நின்றன. குரு வருவது ஆண்டிற்கொருமுறையாயினும் செபம் மாலைதோறும் நடந்தது. தலைவன் இல்லாதபோதும் தளராத கூட்டத்தை ஆக்குவதினும் பெரிய தலைமை உண்டோ?

1692இல் அவர் கண்டி நோக்கிச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். அவர் அங்கே மனம் சோர்ந்தாரல்லர். காவலுக்குள்ளேயே சிறு குடிசை அமைத்துச் சிலுவை நாட்டிச் செபித்தார். சிங்கள மொழியையும் கற்றார். அவரது ஒழுக்கத்தைக் கண்டு காவல் தளர்ந்தது. பின்னர் நாட்டில் மழை பொய்த்த காலத்தில், அவர் வெளியிலே பீடம் அமைத்துச் செபிக்க மழை பொழிந்ததென்பது மரபு. பௌத்தனாகிய மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு உரிமை நல்கிக் காத்தமை இந்நாட்டின் பெருந்தன்மைக்கு அழியாச் சான்று.

1697இற் கண்டி மாநகரை வைசூரி நோய் சூறையாடியது. அஞ்சிய மக்கள் நோயுற்றோரைக் கைவிட்டு ஓடினர். அடிகளாரும் அவர்தம் மருகராகிய கார்வாலோ சுவாமிகளும் வீடுவீடாகச் சென்று, சமய வேறுபாடு கருதாது, புண் கழுவி உணவூட்டினர். இறந்தோரை அடக்கஞ் செய்தனர். செபம் செய்பவன் செயலற்றவன் என்று இகழ்வோர் இந்நிகழ்ச்சியைச் சிந்திப்பாராக. தனிமையில் முழந்தாளிட்டுப் பழகிய கால்களே பிறர் ஓடிய தெருவில் தளராது நடந்தன.

1696இல் அவர் இலங்கைத் திருச்சபையின் பிரதிநிதிக் குருவாக நியமிக்கப்பட்டார். ஆயர் பதவி தேடிவந்தபோது அதனை மறுத்தார். தமக்குப் பின் பணி தொடர வேண்டுமென்பதிலேயே கருத்தூன்றினார். 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் தமிழும் சிங்களமும் கற்று இரு மொழியிலும் நூல்கள் யாத்தார். அவர் தந்த வியாகுலப் பிரசங்கத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் நன்கறிவர். அப்பெரியார் 1742இல் புத்தளம் மாவட்டத்துப் போலவத்தையிலே உயிர்நீத்து, அம்மண்ணிலேயே அடக்கம் பெற்றார்.

அடிகளார் 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்புக் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதரெனப் பறைசாற்றினார்.

மாணவரை நெறிப்படுத்தும் ஆசிரியர்க்கும் நாளை நாட்டை நடத்தவிருக்கும் மாணவர்க்கும் இவ்வரலாறு ஒரு பாடம். நோய் அவரது உடல் வலியை வாங்கிற்று. ஒல்லாந்தர் அவரது கூட்டத்தைக் கலைத்தனர். சிறை அவரது வழியை அடைத்தது. அன்றாடச் செபம் ஒன்றை மட்டும் எவராலும் பறிக்க இயலவில்லை. அதனைப் பற்றி நின்றே இழந்தவை அனைத்தையும் மீண்டும் எழுப்பினார். எழுப்பியவற்றைத் தமதென்று வைத்துக்கொள்ளாது பிறர் கையிற் கொடுத்தும் சென்றார்.