கோடரியும் கையுறையும்

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் மலைகளுக்கும் கடலுக்கும் இடையே பாஸ்க் மக்கள் வாழும் நிலம் அமைந்துள்ளது. அங்கு மரம் வெட்டுதல் தொழிலாக மட்டுமன்றி, ஊரார் கூடிக் கண்டு மகிழும் வீரவிளையாட்டாகவும் விளங்குகிறது. கிடத்தப்பட்ட அடிமரத்தின்மீது ஏறி நின்று, தம் பாதங்களுக்கு இடையே கோடரியை வீசி அதனைத் துண்டாக்க வேண்டும். கையின் வலிமையோடு மூச்சும் தளராதிருந்தால்தான் வெல்ல இயலும். இத்தகைய மரம்வெட்டிகளுள் ஒருவராக வளர்ந்து, உலகம் அறிந்த குத்துச்சண்டை வீரராக உயர்ந்தவர் பவுலினோ உஸ்குதுன். இவர் கிப்புஸ்கோவா மாகாணத்தின் எர்ரெசில் என்னும் சிற்றூரில் 1899ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் பிறந்தார்.

கோடரி பிடித்த கை கையுறை அணிந்தது 1920களின் தொடக்கத்தில். பாரிசுக்குச் சென்று பயிற்சி பெற்ற உஸ்குதுன், தொழில்முறைப் போட்டிகளில் இறங்கினார். 1926இல் பார்சிலோனாவில் இத்தாலியின் எர்மினியோ ஸ்பல்லாவை வென்று, மிகை எடைப் பிரிவில் ஐரோப்பியப் பட்டத்தைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு அமெரிக்கா சென்றார். நிறவெறியால் உலகப் பட்டப் போட்டி வாய்ப்பு மறுக்கப்பட்டுவந்த கறுப்பின வீரர் ஹாரி வில்சை அங்கு நான்காம் சுற்றில் வீழ்த்தினார். அப்போது வில்ஸ் தம் இளமையைக் கடந்திருந்தார். எனினும், அவ்வெற்றி உஸ்குதுனின் பெயரை அமெரிக்காவெங்கும் பரப்பியது.

நுட்பத்தில் இவரை விஞ்சியவர் பலர் இருந்தனர். 1929இல் நியூயார்க்கில் ஜெர்மானிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங் 15 சுற்றுகளில் புள்ளிகளால் வென்றார். ஆயினும் இவரைக் கீழே சாய்க்க அவரால் இயலவில்லை. 1931 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் மாக்ஸ் பேரை எதிர்த்து 20 சுற்றுகள் போரிட்டார். முன்னாள் உலக வாகையர் ஜாக் டெம்ப்சி நடுவராக இருந்த அப்போட்டியில் உஸ்குதுனே வெற்றி பெற்றார். தோற்ற பேர் மூன்றாண்டுகளில் உலக வாகையர் ஆனார். உஸ்குதுனுக்கோ அப்பட்டம் கிட்டவேயில்லை. 1933இல் ரோம் நகரில், தம்மினும் உயரமும் எடையும் மிக்க பிரிமோ கார்னேராவிடம் உலகப் பட்டத்துக்காகப் பொருதினார். 15 சுற்றுகளும் நின்று போராடிப் புள்ளிகளால் தோற்றார்.

1935 டிசம்பர் 13 அன்று நியூயார்க்கில் இறுதிச் சோதனை வந்தது. எதிரே நின்றவர் 21 வயது ஜோ லூயிஸ்; உஸ்குதுனுக்கு வயது 36. உடலைக் குனித்து, கைகளைக் குறுக்கே மடக்கி முகத்தை மறைக்கும் தம் வழக்கமான தற்காப்பையே அவர் மேற்கொண்டார். லூயிஸ் பொறுமையுடன் காத்திருந்தார். நான்காம் சுற்றில் அக்கைகள் சற்றே விலகிய கணத்தில், அவரது வலக்கைக் குத்து இடைவெளியில் பாய்ந்தது. அதுவரை எவராலும் வீழ்த்தப்படாத உஸ்குதுன் தரையில் விழுந்தார். உதடு கிழிந்து குருதி வழிந்த நிலையிலும் எழுந்து நின்றார். நடுவர் போட்டியை நிறுத்தினார். அதுவே அவருடைய கடைசிப் போட்டியாயிற்று. மொத்தம் 70 போட்டிகளில் 50 வெற்றி, 17 தோல்வி, 3 சமநிலை என்பது அவர் ஈட்டிய கணக்கு.

1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. பாஸ்க் மக்களுள் பலர் குடியரசின் பக்கம் நின்றனர். உஸ்குதுன் ஜெனரல் பிராங்கோவின் பக்கம் சேர்ந்தார். போரில் வென்ற பிராங்கோ, பாஸ்க் மொழியையும் தன்னாட்சியையும் ஒடுக்கினார். அதனால், களத்தில் பெற்ற புகழோடு அவர் தேர்ந்த பக்கத்தையும் சேர்த்தே வரலாறு நினைவுகூர்கிறது. உஸ்குதுன் 1985இல் தம் 86ஆம் வயதில் மறைந்தார். குத்துச்சண்டை மேடையில் அவர் காட்டிய உறுதி ஐயத்திற்கு இடமற்றது. அவ்வுறுதி எவர் பக்கம் நின்றது என்னும் வினாவோ அவர் வாழ்வைப் படிப்போர் ஒவ்வொருவர் முன்னும் இன்றும் நிற்கிறது.