கண்ணாடி முன்னாடி அழகா இருந்தா போதுமா? பரதநாட்டிய உடையை மாற்றிய ருக்மிணி தேவியின் கதை

மாசி பிறந்துவிட்டால் கடலூர் மாவட்டத்தில் இந்தப் பக்கம் இரண்டு கூட்டம் உண்டு. ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி மாசி மகத்துக்காகக் கிள்ளை கடற்கரைக்குக் கிளம்புவார். அங்கே முஸ்லிம் மக்களும் அவரை வரவேற்பார்கள். அதே மாதத்தில் மகா சிவராத்திரியை ஒட்டி சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடக்கும். 1981-ல் தொடங்கிய அந்த விழாவுக்கு நாடு முழுக்க இருந்து நடனக் கலைஞர்கள் வருகிறார்கள்.

நாட்டியாஞ்சலி மேடையைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். பள்ளி மாணவி ஆடுகிறார், அடுத்து அவருடைய ஆசிரியை ஆடுகிறார். ஒருவர் ஒல்லி, ஒருவர் பருமன். ஒருவர் குட்டை, ஒருவர் நெட்டை. ஆனால் அரைமண்டியில் உட்கார்ந்ததும் முழங்கால்களுக்கு நடுவே ஒரு விசிறி விரியும். அந்த நொடியில் எல்லார் உடம்பும் அழகாகத் தெரியும்.

இந்த உடை ஆயிரம் வருடப் பழசு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில், தைத்து அணிகிற இன்றைய வடிவத்துக்கு வயது நூறு கூட ஆகவில்லை. 1930-களில் இது உருவானதில் பெரிய பங்கு ஒரு பெண்ணுடையது. அவர்தான் ருக்மிணி தேவி அருண்டேல்.

யார் இவர்?

1904 பிப்ரவரி 29-ம் தேதி மதுரையில் பிறந்தவர். அப்பா நீலகண்ட சாஸ்திரி அரசுப் பொறியாளர், தியாசாபிகல் சொசைட்டியில் ஈடுபாடு கொண்டவர். அம்மா சேஷம்மாளுக்கு இசை மேல் உயிர். அப்பா ஓய்வு பெற்ற பிறகு குடும்பம் சென்னை அடையாறுக்கு வந்தது. அன்னி பெசன்ட் தலைமையில் பல நாட்டுக்காரர்கள் வந்து போகும் இடம் அது.

1920-ல் ருக்மிணிக்குத் திருமணம் ஆனது. மாப்பிள்ளை ஜார்ஜ் அருண்டேல், ஆங்கிலேயர், 25 வயது மூத்தவர். பிராமணக் குடும்பத்து 16 வயதுப் பெண் வெள்ளைக்காரரைக் கட்டுவதா என்று மெட்ராஸே கொந்தளித்தது. ஊர் என்ன சொல்லும் என்ற கேள்வியை அவர் முதலில் சந்தித்தது மேடையில் இல்லை, கல்யாணத்தில்.

1920-களின் கடைசியில் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் அறிமுகம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போன கப்பலில் இருவரும் சேர்ந்து பயணம் செய்தார்கள். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே கற்றுக்கொண்டார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்று பாவ்லோவா சொன்னதுதான் திருப்பமாக அமைந்தது.

1930-களில் மெட்ராஸ் மியூசிக் அகாடமி மேடையில் சதிர் பார்த்தார். பரதநாட்டியம் என்ற பெயர் பரவலாவதற்கு முன்பு அந்த ஆட்டத்துக்கு இருந்த பெயர் அது. பார்த்ததோடு நிற்கவில்லை. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதை நெருங்கியிருந்தது. 1935 டிசம்பரில், தியாசாபிகல் சொசைட்டியின் வைர விழாவில் முதல் முறையாக ஆடினார். அடுத்த மாதமே கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுதான் கலாக்ஷேத்ரா.

அதுக்கு முன்னாடி என்ன உடுத்தினாங்க?

பரம்பரை நடனக் கலைஞர்களின் பழைய புகைப்படங்கள் நிறைய கிடைக்கின்றன. சரிகை போட்ட கனமான சேலை, உள்ளே கால்சட்டை, இறுக்கமான ரவிக்கை, இடுப்பில் ஒட்டியாணம், தலை நிறைய நகை. சேலையைத் தைக்க மாட்டார்கள், கட்டிக்கொள்வார்கள். முன்னால் கொசுவம் விசிறி மாதிரி தொங்கும்.

அந்த உடையில் குறை இருந்தது என்று சொல்ல முடியாது. கோயில், அரண்மனை, கல்யாணப் பந்தல் என்று பார்ப்பவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த காலம் அது. கண் அசைவு, விரல் அசைவு, துணியின் சரிகை எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் தெரியும்.

1930-களில் ஆட்டம் சபா மேடைக்கு வந்தது. மேலே மின்விளக்கு, கீழே வரிசை வரிசையாக நாற்காலி. கடைசி வரிசையில் இருப்பவருக்கு விரல் தெரியாது. அவருக்குத் தெரிவது உடம்பின் கோடு மட்டும்தான். முழங்கால் எவ்வளவு விரிந்திருக்கிறது, முதுகு நேராக இருக்கிறதா, கை எந்தக் கோணத்தில் நீள்கிறது என்பதெல்லாம்தான். சுற்றிக் கட்டிய கனமான துணி அந்தக் கோடுகளை மறைத்துவிடும்.

அவர் என்ன செய்தார்?

முதல் வேலையாகக் கோயில் சிற்பங்களைப் பார்த்தார். சிதம்பரம் கோபுர வாசல்களில் நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சிற்பங்களில் துணி உடம்பை மூடி மறைப்பதில்லை. இடுப்பும் தொடையும் முழங்காலும் எங்கே மடங்குகின்றன என்பது தெளிவாகத் தெரியும். துணியின் மடிப்புகள் அந்த அசைவைத் தொடர்ந்து ஓடும்.

கல்லில் இருப்பதை அப்படியே உடுத்த முடியாதில்லையா? இங்கேதான் தையல் வருகிறது. அடையாறு வட்டாரத்தில் இருந்த மேடம் கசான் என்ற இத்தாலியப் பெண்மணியின் உதவியோடு உடை வடிவமைக்கப்பட்டது. காலுக்குத் தனித்துண்டு, முன்னால் விசிறிக்குத் தனித்துண்டு, மார்புக்குக் குறுக்கே மேலாக்கு, இடுப்பைச் சுற்றி இன்னொரு துண்டு. சேலைத் துணியை வெட்டி, ஆடுபவரின் அளவுக்குத் தைத்து, நாடா போட்டுக் கட்டிக்கொள்ளலாம். நடுவில் அவிழுமோ என்ற பயம் இல்லை.

விசிறிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிமையானது. நிற்கும்போது மடிப்புகள் மூடி, செங்குத்தான ஒரு பட்டை மட்டும் தெரியும். அது உயரத்தைக் கூட்டிக் காட்டும். அரைமண்டியில் உட்கார்ந்ததும் மடிப்புகள் விரிந்து முழங்கால் விரிப்பை எடுத்துக் காட்டும். விசிறியின் ஓரத்தில் ஓடும் கரை, கண்ணை அந்த வளைவிலேயே கொண்டுபோகும். ஒட்டியாணம் இடுப்பு எங்கே இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிடும். மேலாக்கு குறுக்கே போவதால் மேல் உடம்பு ஒரே தட்டையாகத் தெரியாது.

உடம்பை ஒல்லியாகக் காட்டுவதோ குறையை மறைப்பதோ இந்த உடையின் நோக்கம் இல்லை. அந்த உடம்பு செய்கிற வேலையைத் தெளிவாகக் காட்டுவதுதான் நோக்கம். அதனால்தான் எல்லா அளவுக்காரர்களுக்கும் பொருந்துகிறது.

துணியையும் விடவில்லை

தையல் சரியாக இருந்து துணி சரியில்லை என்றால்? 1937-ல் கலாக்ஷேத்ராவில் நெசவுக்கூடம் தொடங்கினார். பழைய பட்டுச் சேலைகளில் இருந்த கரைகளையும் புட்டாக்களையும் தேடி எடுத்து, திரும்ப நெய்ய வைத்தார். யாளி, அன்னம், ருத்ராட்சம், கோயில் கோபுரக் கரை எல்லாம் மறுபடி தறிக்கு வந்தன.

உடல் ஒரு நிறம், கரை அதற்கு நேர்மாறான இன்னொரு நிறம். காஞ்சிபுரத்தில் கோர்வை என்று சொல்லும் முறை இது. கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓட்டி, ஒவ்வொரு இழையிலும் இரண்டையும் கோர்க்க வேண்டும். ஒரே ஆளால் ஆகாது, துணைக்கு இன்னொருவர் வேண்டும். வேலை அதிகம்தான். ஆனால் நிறம் கலங்காமல் கத்தி வைத்து வெட்டியது மாதிரி கரை நிற்கும்.

ருக்மிணி தேவியின் படங்களிலும் இதே ரசனையைப் பார்க்கலாம். அகலமான கரை வைத்த கைத்தறிச் சேலை, பூ வைத்த கொண்டை. பல நாடுகள் சுற்றியவர், கணவர் ஆங்கிலேயர். ஆனாலும் அவர் சேலையை விடவில்லை.

சிதம்பரத்தோடு அவருக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறையை நடத்திய டைகர் வரதாச்சாரியார் பின்னாளில் கலாக்ஷேத்ராவுக்கு வந்தார். 1944-ல் குற்றாலக் குறவஞ்சியில் தொடங்கிய நாட்டிய நாடகங்களில் இசை, உடை, விளக்கு மூன்றையும் ஒன்றாக யோசித்தார் ருக்மிணி தேவி.

இன்னொரு பக்கமும் இருக்கு

இந்தக் கதையை வெறும் வெற்றிக் கதையாக முடித்தால் நியாயமாக இருக்காது.

உடை மாறிய அதே வருடங்களில் ஆடுகிறவர்களும் மாறினார்கள். தலைமுறை தலைமுறையாக இந்தக் கலையைக் காப்பாற்றிய இசை வேளாளர் குடும்பத்துப் பெண்கள் ஓரமாக ஒதுங்க வேண்டி வந்தது. 1947-ல் மெட்ராஸ் மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. சுரண்டலைத் தடுக்க அது தேவைதான். ஆனால் அதே சமயம், அந்தப் பெண்கள் மேடையில் ஆடுவதே கேவலம் என்ற எண்ணமும் பரவியது. அவர்களின் ஆட்டமும் சிருங்காரமும் அலங்காரமும் சுத்தம் செய்யப்பட வேண்டியவை என்று பேசப்பட்டது. புதிய உடை அந்தக் கௌரவத்தின் அடையாளமாகவும் ஆகிவிட்டது.

அந்தப் பரம்பரையில் வந்த தஞ்சாவூர் பாலசரஸ்வதி இதை ஏற்கவில்லை. சிருங்காரத்தில் அசுத்தம் எதுவும் இல்லை, எனவே சுத்தம் செய்யவும் எதுவும் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

ருக்மிணி தேவி அந்தப் பரம்பரை ஆசிரியர்களிடம்தான் கற்றார், அவர்களைத் தன் பள்ளிக்கும் அழைத்து வந்தார். ஆனால் அவர் திறந்த கதவு வழியாக உள்ளே வந்தவர்களில் பெரும்பாலோர் வேறு சாதிப் பெண்கள். இரண்டுமே உண்மை. ஒரு பெண்ணுக்கு எந்த உடை மரியாதை என்று யாரோ முடிவு செய்யும்போது, இன்னொரு பெண்ணின் உடை மரியாதைக் குறைவாகிவிடுகிறது.

பிறகு என்ன ஆனார்?

1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார், 1956-ல் மறுபடியும். அதே வருடம் பத்ம பூஷண். விலங்குகள் மேல் அவருக்கு இருந்த அக்கறை 1960-ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்குக் காரணமாக அமைந்தது. 1977-ல் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக்க விரும்பினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1986 பிப்ரவரி 24 அன்று காலமானார். 82 வயது நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன. திருவான்மியூரில் இருக்கும் கலாக்ஷேத்ராவை 1993-ல் நாடாளுமன்றம் சட்டம் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது.

சரி, நமக்கு இதுல என்ன இருக்கு?

நாட்டியம் ஆடாதவர்களுக்கும் இந்த உடையில் பாடம் இருக்கிறது. அடுத்த முறை கடையிலோ ஆன்லைனிலோ துணி எடுக்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, இதைப் போட்டுக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? கண்ணாடி முன்னால் நேராக நிற்பது சில நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் பஸ் ஏறுகிறோம், நாற்காலியில் உட்காருகிறோம், கையைத் தூக்குகிறோம். டிரையல் ரூமில் ஒரு முறை உட்கார்ந்து, குனிந்து, கையை நீட்டிப் பாருங்கள்.

இரண்டு, கண் எங்கே போகிறது? கரையும் கோடும் கண்ணுக்கு வழிகாட்டி. குள்ளமானவர் பளிச்சென்ற அகலக் கரை கட்டினால் உயரம் இரண்டாக வெட்டுப்படும். அதே கரை ஒடுங்கியிருந்தாலோ, கொசுவம் நேராக விழுந்தாலோ உயரம் கூடித் தெரியும். எந்த இடத்தைப் பார்க்க வைக்க வேண்டுமோ, அங்கே கோடு போகட்டும்.

மூன்று, அளவு யாருடையது? சைஸ் சீட்டில் இருக்கும் எண் யாரோ ஒருவரின் சராசரி. நாட்டிய உடை எல்லாருக்கும் பொருந்துவதற்குக் காரணம், அது ஒவ்வொருவருக்கும் தனியாக அளவெடுத்துத் தைக்கப்படுவதுதான். ரெடிமேட் குர்த்தி எடுத்தாலும் தோள் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடுப்பையும் நீளத்தையும் தெருமுனைத் தையல்காரர் சரி செய்துவிடுவார். தோளை மாற்றுவது கஷ்டம்.

உடம்பைத் துணிக்கு ஏற்ற மாதிரி மாற்றச் சொல்லித்தான் இன்று பாதி ரீல்ஸ் வருகிறது. ருக்மிணி தேவி துணியைத்தான் வெட்டினார்.