பழியை ஏற்ற தவான், புகழை கலாமுக்கு கொடுத்தார்!

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் பழவேற்காடு பக்கம் ஜனங்கள் வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த ஏவுதளத்துக்கு சதீஷ் தவான் பேர் வைத்திருக்கிறார்கள். யார் இவர்?

1920-ல் ஸ்ரீநகரில் பிறந்தவர். லாகூரிலும், அமெரிக்காவிலும் படித்தார். 1972-ல் இஸ்ரோ தலைவர் ஆனார்.

1979 ஆகஸ்டு 10-ந் தேதி எஸ்.எல்.வி.-3 ராக்கெட் சீறிக் கிளம்பியது. திட்ட இயக்குனர் நம்ம ராமேசுவரம் அப்துல் கலாம். திருவனந்தபுரத்திலும், ஸ்ரீஹரிகோட்டாவிலுமாக ஏகப்பட்ட பேர் வருஷக்கணக்கில் பாடுபட்டது. 2-வது அடுக்கில் கோளாறு. சில நிமிஷத்தில் ராக்கெட் வங்கக்கடலில் விழுந்து போச்சு!

வெளியே நிருபர்கள் காத்திருந்தனர். கலாம் நொந்து போயிருந்தார். தவான் அவரை பக்கத்தில் வைத்துக்கொண்டு தானே பேசினார். பொறுப்பு தன்னுடையது, இந்த ஆட்கள் மேல் நம்பிக்கை இருக்கு, அடுத்த வருஷம் ஜெயிப்பார்கள் என்றார். வேலை பார்த்தவன் தலையில் பழியைக் கட்டிவிட்டு நழுவும் அதிகாரிகளை பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

குழு கலையவில்லை. கலாமையும் மாற்றவில்லை. அமிலக் கசிவுதான் காரணம் என்று துருவிக் கண்டுபிடித்து, மறுபடி வேலையில் இறங்கினார்கள்.

1980 ஜூலை 18-ந் தேதி, 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் சேர்ந்தது. ஒரே கொண்டாட்டம். இந்த தடவை நிருபர்களிடம் பேசச் சொல்லி கலாமை அனுப்பிவிட்டார் தவான்.

1984 வரை தலைவராக இருந்த தவான், 2002 ஜனவரி 3-ந் தேதி பெங்களூரில் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் ஏவுதளத்துக்கு அவர் பேர் சூட்டப்பட்டது. அப்போது நாட்டின் ஜனாதிபதி, அதே கலாம்.