ஆப்பிரிக்கா ஈன்ற அறிஞர் டாக்டர் ஹார்ட்டன்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், கல்வியால் உயர்ந்து, தம்மோடு தம் மக்களையும் உயர்த்த முற்பட்ட பெரியோர்களை நினைவுகூர்தல் நம் கடமையாகும். அண்ணல் அம்பேத்கரின் வரலாறு நம் இல்லந்தோறும் அறிந்த வரலாறு. அவர் பிறப்பதற்கு ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே, கடல்கடந்த ஆப்பிரிக்கக் கண்டத்தில், அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட்ட பெற்றோருக்கு மகனாகத் தோன்றிய ஒருவர் கல்வியையே தம் மக்களின் படைக்கலமாகக் கொண்டார். ஜேம்ஸ் ஆப்பிரிக்கானஸ் பீல் ஹார்ட்டன் என்பது அப்பெருமகனாரின் பெயர். மருத்துவராகவும், அறிவியல் அறிஞராகவும், நூலாசிரியராகவும் விளங்கிய அவரை மேற்கு ஆப்பிரிக்க மக்கள் தம் நாட்டுப்பற்றின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றுகின்றனர். அவர்தம் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நன்று.

பிறப்பும் சூழலும்

மேற்கு ஆப்பிரிக்காவில் அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டி அமைந்த நாடு சியரா லியோன். அதன் தலைநகர் ஃப்ரீடவுன். விடுதலை நகர் என்பது அப்பெயரின் பொருள். ஆப்பிரிக்க மக்களை விலங்கு பூட்டிக் கப்பலேற்றி அமெரிக்கக் கண்டத்தில் விற்கும் கொடிய வாணிகம் பல நூற்றாண்டுகள் நடைபெற்றது. 1807-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அவ்வாணிகத்தைச் சட்டத்தால் தடை செய்தது. அதன்பின் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் அடிமைக் கப்பல்களை வழிமறித்து, அவற்றில் அடைபட்டிருந்தோரை விடுவித்து, ஃப்ரீடவுனில் கரையிறக்கின. வெவ்வேறு நாட்டினர், வெவ்வேறு மொழியினர், உற்றாரைப் பிரிந்தவர், ஊர் திரும்ப வழியற்றவர் ஆகிய இம்மக்கள் மலைச்சரிவுகளில் புதிய சிற்றூர்களை அமைத்து வாழத் தலைப்பட்டனர்.

அத்தகைய சிற்றூர்களுள் ஒன்றான கிளௌஸ்டரில் 1835-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் ஹார்ட்டன் பிறந்தார். அவர்தம் பெற்றோர் இந்நாளைய நைஜீரியாவைச் சேர்ந்த இபோ இனத்தினர். அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டவர்கள். தந்தையார் தச்சுத்தொழில் செய்து குடும்பத்தைக் காத்து வந்தார்.

இச்சிற்றூர் மக்கள் எளியராயினும் செயலற்று இருந்தாரல்லர். நோயுற்றோருக்கு உதவவும், இறந்தோரை முறையாக அடக்கம் செய்யவும், சிறுதொகை திரட்டிச் சங்கங்கள் பலவற்றை அமைத்துக் கொண்டனர். கிறித்தவ சமய ஊழியர்கள் நிறுவிய பள்ளிகளுக்குத் தம் மக்களை அனுப்பினர். நிலமும் பொருளும் பறிக்கப்பட்டவர்க்கு எஞ்சியிருக்கும் ஒரே செல்வம் பிள்ளைகளின் அறிவு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

கல்வி

சிறுவன் ஹார்ட்டனின் கூரிய அறிவைக் கண்ட பாதிரியார் ஜேம்ஸ் பீல் என்பார், அவரை ஃப்ரீடவுனிலிருந்த உயர்நிலைப் பள்ளியில் சேர்ப்பித்தார். அந்நன்றியை மறவாத ஹார்ட்டன், பீல் என்னும் பெயரைத் தம் பெயருடன் இணைத்துக் கொண்டார். பின்னர் 1853-ஆம் ஆண்டில், சமயப் பணிக்குப் பயிற்சி பெறும் நோக்குடன் ஃபூரா பே கல்லூரியை அடைந்தார். 1827-இல் தோன்றிய அக்கல்லூரியின் தொடக்கக்கால மாணவரான சாமுவேல் கிரௌதரும் அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட சிறுவரே. 1864-இல் அவர் ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயரானார் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

ஹார்ட்டனின் வாழ்க்கைப் போக்கை மாற்றியது பிரிட்டிஷ் போர்த்துறை எடுத்த ஒரு முடிவாகும். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பணிபுரிய வந்த ஐரோப்பியப் படைவீரர்களும் மருத்துவர்களும் காய்ச்சலால் பெருந்தொகையினராக மாண்டனர். வெள்ளையரின் கல்லறை என்றே அக்கரைக்குப் பெயர் வழங்கிற்று. ஆகவே ஆப்பிரிக்க இளைஞர் சிலரை மருத்துவராக்கிப் படையில் அமர்த்தப் போர்த்துறை முன்வந்தது. இதற்குக் காரணம் ஈகையுள்ளமன்று. அவர்களுக்கு நேர்ந்த முட்டுப்பாடேயாகும். ஆயினும் திறந்த வாயிலை ஹார்ட்டன் நன்கு பயன்படுத்திக் கொண்டார்.

1855-ஆம் ஆண்டில் ஹார்ட்டன், வில்லியம் டேவிஸ், சாமுவேல் கேம்ப்பெல் ஆகிய மூவர் இங்கிலாந்து சென்றனர். கேம்ப்பெல் நோயுற்று நாடு திரும்பி உயிர்நீத்தார். எஞ்சிய இருவரும் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பயின்று 1858-இல் மருத்துவத் தகுதி பெற்றனர். அடுத்த ஆண்டில் ஹார்ட்டன் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்றார். மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் நிலத்தியல்பையும் நோய்களையும் பற்றியது அவர்தம் ஆய்வேடு.

அக்காலத்தில்தான் அவர் ஆப்பிரிக்கானஸ் என்னும் பெயரைப் புனைந்து கொண்டார். பட்டமும் பதவியும் பெற்றபின் தம் பிறப்பை மறைக்க விழைவோர் எந்நாட்டிலும் உண்டு. தாம் எம்மண்ணின் மைந்தர் என்பதை ஹார்ட்டனோ தம் பெயரிலேயே பொறித்து, நூல்தோறும் உலகுக்கு அறிவித்தார்.

அறிவியல் பணி

1859-ஆம் ஆண்டு முதல் 1880 வரை, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் பிரிட்டிஷ் படை மருத்துவராகப் பணியாற்றினார். இந்நாளில் கானா என வழங்கும் பொற்கரையிலும், காம்பியாவிலும், சியரா லியோனிலும் அவர் பணி நிகழ்ந்தது. படிப்படியாக உயர்ந்து சர்ஜன் மேஜர் என்னும் பதவியையும் எய்தினார்.

சென்றவிடமெல்லாம் மழையின் அளவு, வெப்பநிலை, காற்றின் போக்கு, மண்ணின் தன்மை, நீரின் தூய்மை, மக்களின் உணவு, உறையுள் ஆகியவற்றைக் கூர்ந்து ஆராய்ந்து குறித்து வைத்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் தட்பவெப்பம் பற்றி 1867-இலும், வெப்பநாட்டு நோய்களும் அவற்றின் மருத்துவமும் பற்றி 1874-இலும் அவர்தம் நூல்கள் வெளிவந்தன. 1868-இல் கினிப் புழு நோய் பற்றித் தனி நூல் இயற்றினார். நம் நாட்டில் படிக்கிணறுகளால் பரவி, நரம்புச் சிலந்தி என்ற பெயரால் நம் முன்னோரை வாட்டிய நோயே அது. 2000-ஆம் ஆண்டில்தான் இந்தியா அந்நோயற்ற நாடென உலக நல நிறுவனம் சான்றளித்தது.

மலேரியாக் காய்ச்சல் சதுப்பு நிலத்தின் நச்சுக்காற்றால் வருவதென்று அக்கால மருத்துவர்கள் கருதினர். ஹார்ட்டனும் அவ்வாறே எண்ணினார். கொசுவே அதனைப் பரப்புவது என்னும் உண்மைக்குரிய சான்றை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-ஆம் ஆண்டில். எனினும், தேங்கிய நீரை வடித்தல், தெருக்களைத் தூய்மையாக வைத்தல், மேட்டு நிலத்தில் வீடமைத்தல், குயினைன் மருந்தை முறையாக உட்கொள்ளல் என அவர் வகுத்த நெறிகள் இன்றும் பொருந்துவனவேயாகும்.

இழிவுரைக்கு மறுப்பு

அந்நாளில் இங்கிலாந்தில் மானிடவியல் கழகம் என்றோர் அமைப்பு 1863-இல் தோன்றிற்று. அதன் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹண்ட் போன்றோர், கறுப்பின மக்கள் இயற்கையிலேயே தாழ்ந்தவர் என்றும், அவர்தம் மண்டையோட்டின் பொருத்துகள் இளமையிலேயே இறுகி விடுவதால் மூளை வளர்ச்சி தடைப்படுகிறது என்றும் எழுதினர். பிறப்பினால் ஒரு கூட்டத்தாரைக் கீழ்மக்கள் எனக் கூறும் பொய்ம்மைக்கு நம் நாட்டில் சாத்திரம் துணை செய்தது. அங்கோ அறிவியல் என்னும் போர்வை அதற்குத் துணை செய்தது.

ஹார்ட்டன் இதற்கு 1868-ஆம் ஆண்டில் விடையிறுத்தார். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளும் மக்களும் என்னும் தம் நூலில், சினந்து பேசாமல், சான்று காட்டிப் பேசினார். உடற்கூற்றியலைக் கற்று, ஆப்பிரிக்க மக்களுக்கே ஆண்டுக்கணக்கில் மருத்துவம் செய்த தம் பட்டறிவைக் கொண்டு, அவர்தம் கூற்றுகளை ஒவ்வொன்றாக மறுத்தார். மக்களிடையே காணும் ஏற்றத்தாழ்வுக்குச் சூழலும் வாய்ப்பின்மையுமே காரணம் என நிறுவினார். ஒருகாலத்தில் உரோமானியரின் ஆட்சிக்கு உட்பட்டுப் பிற்பட்டிருந்த பிரிட்டானியர் பின்னர் முன்னேறியதை எடுத்துக்காட்டி, கல்வி வாய்த்தால் ஆப்பிரிக்கரும் அவ்வாறே முன்னேறுவர் என்றார். தொடக்கக்காலத் திருச்சபையின் பேரறிஞரான அகஸ்தீனும் தெர்த்துலியனும் ஆப்பிரிக்க மண்ணில் தோன்றியவர்கள் என்பதையும் நினைவூட்டினார்.

கல்விக் கனவு

தாம் ஒருவர் மருத்துவரானதில் ஹார்ட்டன் மனநிறைவு கொள்ளவில்லை. பணியில் சேர்ந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்த 1861-இல், போர்த்துறைக்கு அவர் ஒரு விண்ணப்பம் வரைந்தார். ஆப்பிரிக்க இளைஞர்களைத் தேர்ந்து, தாய்மண்ணிலேயே மருத்துவத்தின் அடிப்படைகளைக் கற்பிக்க ஃப்ரீடவுனில் ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்பதே அதன் சாரம். போர்த்துறை அவ்விண்ணப்பத்தை அங்குப் பணிபுரிந்த வெள்ளை மருத்துவ அதிகாரிகளின் கருத்துக்கு விடுத்தது. கறுப்பின மருத்துவர் தமக்கு இணையாக அமர்வதை அவர்கள் விரும்பவில்லை. ஆகவே பாதகமான அறிக்கை சென்றது, விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. ஆப்பிரிக்க இளைஞரை இங்கிலாந்துக்கு அனுப்பும் திட்டமும் கைவிடப்பட்டது.

ஹார்ட்டன் சோர்ந்து விடவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமெனத் தம் நூல்களில் வலியுறுத்தினார். மொழியும் வரலாறும் மட்டுமன்றி, தாவரவியல், வேதியியல், கனிமவியல், உடலியல் ஆகியவையும் அங்குக் கற்பிக்கப்பட வேண்டும் என்றும், ஆப்பிரிக்கரே அங்கு ஆசிரியராக வேண்டும் என்றும் எழுதினார். 1876-இல் ஃபூரா பே கல்லூரி இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டு, பட்டம் வழங்கும் தகுதி பெற்றது. மேற்கு ஆப்பிரிக்க இளைஞர்கள் தம் மண்ணிலிருந்தே பட்டம் பெற அன்று வழி பிறந்தது.

பொற்கரையின் ஃபான்டி மக்கள் தம்மைத் தாமே ஆளும் பொருட்டு 1868-இல் ஒரு கூட்டமைப்பை நிறுவியபோது, ஹார்ட்டன் அதற்கு ஆதரவாக எழுதினார். 1871-இல் மாங்கெசிம் என்னும் ஊரில் அக்கூட்டமைப்பார் இயற்றிய அரசியலமைப்பில், எட்டு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள சிறார்க்குக் கட்டாயக் கல்வி, தொழிற்கல்வி, பெண்கல்வி ஆகியவற்றுக்கு இடமளிக்கப்பட்டிருந்தது. ஆங்கில அதிகாரிகள் அதன் தலைவர்களைச் சிறைப்படுத்தினர். கூட்டமைப்பும் சின்னாட்களில் சிதைந்தது. எனினும் அவ்வேட்டில் எழுதப்பட்ட எண்ணம் அழியவில்லை.

இறுதிக் காலம்

1880-இல் ஓய்வு பெற்ற ஹார்ட்டன் பொருளாதாரத் துறையில் கருத்தைச் செலுத்தினார். கடன் வழங்குவார் இன்றி ஆப்பிரிக்க வணிகர்கள் இடருறுவதைக் கண்டு, ஃப்ரீடவுனில் மேற்கு ஆப்பிரிக்க வணிக வங்கியைத் தொடங்கினார். பொற்கரையில் தங்கச் சுரங்கங்களுக்கு உரிமம் பெற்றார். ஆனால் காலம் அவருக்கு இடந்தரவில்லை. 1883-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், நாற்பத்தெட்டாம் வயதில் அவர் ஃப்ரீடவுனில் இயற்கை எய்தினார். வங்கி அவருடன் முடிவுற்றது. உயர்கல்விப் பள்ளி ஒன்று அமைக்கத் தம் உயிலில் அவர் வழிசெய்திருந்தும், உறவினரிடையே எழுந்த வழக்குகளால் அதுவும் கைகூடவில்லை.

அவர் மறைவுக்குப் பின் நிலைமை மேலும் சீர்கெட்டது. 1902-இல் ஆங்கில அரசு மேற்கு ஆப்பிரிக்க மருத்துவப் பணியை அமைத்தபோது, ஐரோப்பியப் பெற்றோருக்குப் பிறந்தவரே அதில் சேரலாம் என விதித்தது. ஹார்ட்டன் 1859-இல் நுழைந்த வாயில் நாற்பத்து மூன்று ஆண்டுகளில் அவர் இனத்தாருக்கு அடைக்கப்பட்டது. அவர் விண்ணப்பம் எழுதிய ஆண்டிற்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1961-இல் சியரா லியோன் விடுதலை பெற்றது. அவர் வேண்டிய மருத்துவக் கல்லூரியோ 1988-ஆம் ஆண்டில்தான் அந்நாட்டில் தோன்றியது. ஒரு நியாயமான விண்ணப்பம் நிறைவேற நூற்றிருபத்தேழு ஆண்டுகள் ஆயின!

நாம் கொள்ளத்தக்கது

அன்பார்ந்த இளைஞர்களே! இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஒருவர் தம் திறமையால் உயர்தல் அரிய செயலே. ஆயினும் அவர் ஏறிச்சென்ற ஏணியைப் பிறர் எடுத்துவிட இயலும். பின்வருவோர்க்கும் ஏணி நிலைத்திருக்க வேண்டுமாயின், பள்ளி வேண்டும், விடுதி வேண்டும், உதவித்தொகை வேண்டும், அவற்றைக் காக்கும் சங்கமும் வேண்டும். இளமையிலேயே இதனை உணர்ந்தமையால்தான், தமக்குப் பதவி கிடைத்த இரண்டாம் ஆண்டிலேயே ஹார்ட்டன் பிறருக்காக விண்ணப்பம் எழுதினார்.

நம்முள் ஒருவர் அரசுப் பணி பெற்றவுடன் அவர் நினைவு எங்குச் செல்ல வேண்டும் என்பதை அவ்விண்ணப்பம் நமக்குக் காட்டுகிறது. படித்து முன்னேறிய நம் பிள்ளைகள், தாம் படித்த ஊர்ப்பள்ளியையும் தமக்குத் தோள்கொடுத்த சங்கத்தையும் மறவாதிருத்தல் வேண்டும். ஆண்டுக்கொரு மாணவரின் படிப்புச் செலவை ஏற்பதும், மாலையில் ஒரு மணி நேரம் சிறுவர்க்குப் பாடஞ்சொல்லிக் கொடுப்பதும் சிறு செயல்களல்ல. ஹார்ட்டன் தனியொருவராய் நின்று கேட்டுப் பெற இயலாததை, நாம் பலராய்க் கூடி நின்று நம் மக்களுக்கு அமைத்துத் தர இயலும். அதற்கென்றே தோன்றிய இச்சங்கம் நூற்றாண்டு விழாவும் காண, இளைஞர்கள் அதன் பொறுப்புகளை ஏற்க முன்வருவார்களாக.