புகையில் விசை கண்ட பொறியாளர்

அண்மையில் எங்கள் பனவடலிசத்திரத்தில் இளைஞர் ஒருவர் தமது டர்போ டீசல் ஜீப்பை ஓட்டிவந்து காட்டினார். பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டு, அகன்ற குழாய் ஒன்றைப் பொருத்தியிருந்தார். கரட்டு மேட்டில் ஏறும்போது இழுவை கூடிவிட்டது என்பது அவரது மகிழ்ச்சி. இழுவை கூடியதா என்று எனக்குத் தெரியாது. ஓசையும் கரும்புகையும் கூடியிருந்தன. ஆயினும், புகை வெளியேறும் பாதைக்கும் இயந்திரத்தின் ஆற்றலுக்கும் உறவு உண்டு என்ற அவரது நம்பிக்கை தவறன்று. அந்த உறவை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் ஆல்ஃபிரட் பியூகி.

சுவிட்சர்லாந்தின் தொழில் நகரமான வின்டர்தூரில் 1879 ஜூலை 11 அன்று பிறந்தவர் அவர். தந்தை அங்குள்ள சுல்சர் இயந்திர நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தார். சூரிக்கில் பொறியியல் பயின்று 1903-இல் பட்டம் பெற்ற பியூகி, பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் சில காலம் பணியாற்றினார்.

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வீணாகப் போவது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளைக் காற்றில் விடுவதை எங்கள் பொருளியல் பாடமும் பொறுத்துக்கொள்ளாது. அந்தச் சூடான புகையைக் கொண்டு ஒரு சுழலியைச் சுற்றச் செய்து, அதன் விசையால் காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் செலுத்தலாம் என்ற எண்ணத்துக்கு, 1905 நவம்பரில் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 26.

காப்புரிமை கிடைத்ததே தவிர, பயன் கிடைக்கவில்லை. 1909-இல் சுல்சருக்குத் திரும்பி டீசல் இயந்திர ஆராய்ச்சியில் இறங்கினார். 1915-இல் உருவான முதல் மாதிரியால் தேவையான காற்றழுத்தத்தைத் தக்கவைக்க முடியவில்லை. எண்ணம் தோன்றி இருபது ஆண்டுகள் கழித்தே வெற்றி வந்தது. 'பிராய்சன்', 'ஹான்ஸெஷ்டாட் டான்சிக்' என்ற இரு ஜெர்மானியப் பயணிக் கப்பல்களின் பத்து உருளை டீசல் இயந்திரங்கள் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500 குதிரைத்திறனுக்கு உயர்ந்தன. இயந்திரத்தைப் பெரிதாக்காமலே நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கிடைத்த கூடுதல் ஆற்றல் அது.

அந்த வெற்றியின் திறவுகோல் சுழலியில் மட்டும் இல்லை, குழாயிலும் இருந்தது. எல்லா உருளைகளின் புகையையும் ஒரே பெருங்குழாயில் கொட்டினால் ஒன்றின் வீச்சு மற்றொன்றைத் தடுக்கும். எனவே, உருளைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனிக் குறுகிய குழாய் அமைத்தார் பியூகி. உள்வாங்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருக்கும்படி செய்தார். எஞ்சிய புகையைப் புதுக்காற்று துடைத்துக்கொண்டு போனது.

நம் ஊர் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சுழலிக்கு முன்னால் குறுகிய, திட்டமிட்ட பாதை வேண்டும். அங்கே அகலத்தைக் கூட்டினால் வீச்சு தளர்ந்துவிடும். சுழலிக்குப் பின்னால்தான் அகலம் உதவும். ஏனெனில், அங்கே எதிரழுத்தம் குறையக் குறையச் சுழலி எளிதாகச் சுற்றும். அப்படிப் பொருத்தும்போதும், எரிபொருள் அளவைச் சரிசெய்யாமல் விட்டால் பலன் சொற்பமே. நச்சு வாயுக்களைக் குறைக்கும் வினையூக்கியையும் கரித்துகள் வடிகட்டியையும் பிடுங்கி எறிவதோ வேறு வகை. நாம் சேமித்த சில நொடிகளுக்குச் சாலையோரத்து வீட்டுக் குழந்தையின் நுரையீரல் விலை கொடுக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு பதிவு விவரங்களுக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. ஓசை, மாசு வரம்புகளை மீறினால் 190-ஆவது பிரிவில் தண்டனை உண்டு. பட்டறைகளில் இவற்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

பியூகி 1926-இல் சுல்சரை விட்டு விலகி, தம் பெயரிலேயே ஒரு கூட்டமைப்பை உருவாக்கி, பல நாட்டுத் தொழிற்சாலைகளுக்குத் தமது முறையை உரிமம் வழங்கினார். கப்பலிலிருந்து ரயில் இயந்திரத்துக்கும், அங்கிருந்து சரக்கு லாரிக்கும் அது பரவியது. 1959 அக்டோபர் 27 அன்று, பிறந்த ஊரான வின்டர்தூரிலேயே மறைந்தார். டர்போ பொருத்திய பயணிகள் கார்கள் விற்பனைக்கு வந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில்.