எமீல் மோப்பா

நம் புதுவைப் பொது நூலகம் 1827-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியில் நிறுவப்பெற்று, இன்று ரோமன் ரோலான் பெயரால் வழங்குகின்றது. நூலகங் காப்போர் நூல்களின் எண்ணும் அடுக்குமே அறிவர் என்று நாம் கருதுதல் இயல்பு. அக்கருத்துத் தவறென்பதற்கு, அந்நாளில் அவ்வாட்சிக்கே உட்பட்டிருந்த மற்றொரு கடற்கரை நகராகிய அல்ஜியர்ஸில் நூலகங் காத்த எமீல் மோப்பா என்பாரது சரித்திரம் சான்றாகும்.

இவர் 1842-இல் பிரான்சு தேசத்து நார்மண்டியிற் பிறந்தார். பழஞ்சுவடி பேணுங் கலை பயின்று, பின்னர் அல்ஜியர்ஸில் நூலகப் பொறுப்பேற்றார். பிராணி சாஸ்திரத்தில் இவருக்கு ஆசிரியப் பதவி இல்லை. எனினும், ஓய்வுப் பொழுதுகளில் பூதக்கண்ணாடியும் பொறுமையுமே துணையாக நுண்ணுயிர்களை வளர்த்து ஆராய்ந்தார்.

மண்ணில் தனித்து வாழும் உருளைப்புழுக்களின் இனப்பெருக்கத்தைப் பற்றி இவர் எழுதிய பெருங்கட்டுரை 1900-இல் வெளிவந்தது. அதில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவுக்கு 'எலிகன்ஸ்', அதாவது அழகியது, என்று பெயரிட்டார். அவ்வினத்திற் பெரும்பாலானவை இருபாலும் ஓருடலிற் பெற்றவை என்றும், ஆண் அரிதென்றும் காட்டினார்.

அப்புழுவின் உடல் கண்ணாடி போல் ஒளி ஊடுருவுவது. ஆதலின் உயிரோடிருக்கையிலேயே அதன் குடலைக் காணலாம். தொண்டையின் இறுதிக் குமிழிலுள்ள அரைப்புறுப்பு பாக்டீரியாக்களை நொறுக்கிக் குடலுக்கு அனுப்பும். அக்குடலோ 20 உயிரணுக்களே கொண்டது: முதல் வளையத்தில் நான்கு, பின்வரும் எட்டு வளையங்களில் இவ்விரண்டு. அனைத்தும் கருவிலுள்ள ஓர் உயிரணுவின் வழித்தோன்றல்கள். மண்ணில் வாழும் மற்றோரினமாகிய பிரிஸ்டியோங்கஸுக்கு அரைப்புறுப்பு இல்லை. மாறாக, வாயிற் பல் உண்டு. அது பிற புழுக்களையும் கடித்துண்ணும். உணவு வேறுபட உறுப்பும் வேறுபடுதலை இவ்விரண்டையும் ஒப்பிட்டு அறியலாம்.

மோப்பா 1916-இல் இறந்தார். 1963-இல் சிட்னி பிரென்னர் இப்புழுவினத்தை ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுக்க எண்ணியதையும், கருவின் ஒவ்வோர் உயிரணுவின் மரபுவழியும் 1983-இல் முற்றும் வரையப்பெற்றதையும், அவ்வழியே உழைத்த பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூவரும் 2002-இல் நோபெல் பரிசு பெற்றதையும் அவர் அறியார். ஆயினும், இனத்தைப் பிரித்தறிந்து பெயரிட்டு வளர்த்துக் காட்டியவர் ஒருவர் முன்னிராவிடில், பின்வந்தோர் தாம் காண்பது எவ்வினமென்று எங்ஙனம் துணிவர்?

மாணவ நண்பர்களே! பதவியும் பெருங்கருவியும் வாய்த்த பின்னரே ஆராய்வோம் என்று நாம் காலங் கழித்தல் தகாது. நம் கல்லூரித் தோட்டத்து ஈரமண்ணிலும் இத்தகைய புழுக்கள் வாழ்தல் கூடும். ஒரு பிடி மண்ணும், ஒரு பூதக்கண்ணாடியும், தளராத கண்ணும் தொடக்கத்திற்குப் போதும்.